பயனும் வியப்பும்: அல் ஜஸரீயின் விளையாட்டுக் கருவிகள்

முன்னுரை

அன்றாடம் கையாளும் பொருள்களில் மாந்தர் பயனை மட்டும் வேண்டி நிற்பதில்லை. குத்துவிளக்கின் உச்சியில் அன்னத்தையும், பாக்குவெட்டியின் பிடியில் கிளியையும் அமைத்து மகிழ்வது மனித இயல்பு. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்குவோர் உளர். வீண் ஆடம்பரம் எனக் கடிவோரும் உளர். எனினும், விளையாட்டும் பயனும் ஒரே கருவியில் ஒன்றையொன்று தாங்கி நிற்கக்கூடும். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஓர் அரபு நூலின் வழி இவ்வுண்மையைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் ஆசிரியரும்

தைகிரீஸ், யூப்ரட்டீஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட வடபகுதி அரபியில் 'ஜஸீரா' எனப்படும். அப்பகுதியின் பெயரால் அறியப்படுபவர் இஸ்மாயீல் அல் ஜஸரீ. இன்றைய துருக்கியில் உள்ள தியார்பக்கிரை ஆண்ட அர்துக் மரபு மன்னர்களிடம் இவர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பணியாற்றினார். மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் விருப்பப்படி தாம் செய்த கருவிகளைத் தொகுத்து 1206ஆம் ஆண்டில் ஒரு நூலாக நிறைவு செய்தார். அதில் 50 கருவிகள் ஆறு பகுதிகளாக விளக்கப்பட்டுள்ளன. நேரங்காட்டிகள், கலங்கள், கைகழுவும் கருவிகள், நீரூற்றுகள், நீரிறைக்கும் பொறிகள் முதலியன அவற்றுள் அடங்கும்.

இத்தகைய கருவிகளை அரபியர் 'ஹியல்' என்றனர். இதன் ஒருமை 'ஹீலா'. தந்திரம், உபாயம் என்பன இச்சொல்லின் பொருள்கள். தமிழில் 'பொறி' என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். எலியைப் பிடிக்கும் கண்ணியையும் குறிக்கும். கருவி என்பது இயற்கையை இணங்கச் செய்யும் ஒரு தந்திரமே என்னும் எண்ணம் இரு மொழிச் சொற்களிலும் பொதிந்திருத்தல் எண்ணி இன்புறத்தக்கது.

அல் ஜஸரீக்கு முன்னோடிகளும் இருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா எனப்படும் சகோதரர் மூவர் ஏறத்தாழ 100 கருவிகளை விளக்கி ஒரு நூல் செய்தனர். அவற்றுள் பெரும்பாலானவை வேடிக்கைக் கலங்கள். கலத்தின் உள்ளே மறைந்திருந்த வளைகுழாய்களும் மிதவைகளும் அடைப்பான்களும் காண்போரை மருளச் செய்தன.

ஒளுக் கருவி

தாம் ஒளுச் செய்யும்போது ஏவலரோ பணிப்பெண்ணோ கையில் நீர் வார்ப்பதை மன்னர் விரும்பவில்லை. அதற்கென ஒரு கருவி செய்து தருமாறு கேட்டார் என்று அல் ஜஸரீ குறிப்பிடுகிறார். வணக்கத்திற்கு ஆயத்தமாகும் வேளையில் மற்றொரு மனிதரை நிற்க வைத்துப் பணி கொள்ள மனம் ஒப்பாமை இங்குக் கருதத்தக்கது. அவர் செய்தளித்தது, கையில் கெண்டி ஏந்தி நிற்கும் பணியாளின் உருவம். கெண்டியிலிருந்து நீர் வழியும். நீர் முடியும் தறுவாயில் மற்றொரு கை துண்டை நீட்டும்.

இவ்வகையில் மயில் வடிவக் கருவியும் ஒன்றுண்டு. மயிலின் அலகிலிருந்து நீர் வழிந்து கைகளை நனைக்கும். கழுவிய நீர் கீழே சேரும்போது மிதவை ஒன்று உயரும். உடனே சிறு கதவு திறந்து ஒரு பொம்மை கைகழுவும் பொடியை ஏந்தி வெளிவரும். நீர் மேலும் உயர, இரண்டாம் மிதவை எழுந்து துண்டு ஏந்திய பொம்மையை வெளிக்கொணரும். எஞ்சிய கழிவுநீரே அடுத்த ஏவலை விடுக்கும் நுட்பம் இது. நம் வீட்டு நீர்த்தொட்டி நிறைந்ததும் வரத்தை அடைக்கும் மிதவையும் இவ்விதிப்படியே இயங்குகிறது.

யானைக் கடிகாரம்

அல் ஜஸரீயின் கருவிகளுள் பெரும்புகழ் பெற்றது யானைக் கடிகாரம். யானையின் வயிற்றுக்குள் நீர்த்தொட்டி உண்டு. அதில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கும். அது அரைமணி நேரத்தில் நீர் நிறைந்து அமிழும். அமிழ்கையில் கயிற்றை இழுக்க, மேலிருந்து ஓர் உருண்டை பாம்பின் வாயில் விழும். எடை தாங்காது பாம்பு தலை சாய்க்க, உருண்டை உருண்டு வரும். பாகன் உருவம் கையோங்கி அடிக்க, தட்டில் ஓசை எழும். பாம்பு சாயும் அதே அசைவு கிண்ணத்தை மேலே தூக்கி நீரைக் கவிழ்த்துவிடும். மீண்டும் அடுத்த அரைமணி தொடங்கும். பாம்பை அகற்றின் கடிகாரம் நின்றுவிடும். ஆதலின் அது அழகுக்கு ஒட்டிய பொம்மை ஆகாது. கருவியின் உயிர்நிலையே அதுவாகும்.

துளைக் கிண்ணத்தால் காலம் அளத்தல் இந்திய மரபு. அவ்வாறு அளந்த நாழிகை 24 நிமிடம் கொண்டது. நாழிகை வட்டில் என நாம் அறிந்ததன் உறவையும், முல்லைப்பாட்டு சுட்டும் குறுநீர்க் கன்னலின் நினைவையும் அந்த யானையின் வயிற்றில் காண்கிறோம்.

விளையாட்டின் அடியில் உழைப்பு

நீரிறைக்கும் பொறிகளிலும் அவர் நகையுணர்வு மறைந்திலது. ஒரு பொறியில் மரப்பசு சுற்றிவந்து நீரிறைப்பதாகத் தோன்றும். உண்மையில் கண்ணுக்குப் புலப்படாது கீழே சுழலும் நீர்ச்சக்கரமே அப்பசுவையும் சுற்றுகிறது. அதே பகுதியில்தான் இரட்டை உருளைகள் கொண்ட உறிஞ்சு இறைப்பியையும் விளக்குகிறார். வேடிக்கை செய்த கையும் வேளாண்மைக்கு உதவும் பொறி செய்த கையும் ஒன்றே.

இக்கருவிகள் பெரும்பாலும் அரண்மனைக்கே உரியவையாக இருந்தன. மதுவிருந்துக்குரிய கலங்களும் நூலில் உள்ளன. நம் மரபைப் போற்றும்போது இவற்றை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் செய்து சோதித்தறியாத அறிவை ஐயத்திற்குரியதாகவே கருதிய அவர் நெறி, அரண்மனையைக் கடந்தும் வாழ்வது. 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய நீர்க்கடிகாரத்தை அவர் நூலின் துணைகொண்டே மீண்டும் அமைத்தனர்.

முடிவுரை

இன்றைய கடைகளிலும் விளையாட்டுப் பொருள்கள் மலிந்துள்ளன. பழத்தின் வடிவும் மணமும் கொண்ட அழிப்பான், எழுத்தை அழிக்காமல் தாளைக் கறைப்படுத்துவதைப் பிள்ளைகள் அறிவர். அங்கே விளையாட்டு விற்பனைக்கு உதவுகிறது, வேலைக்கு உதவவில்லை. ஜஸரீயின் மயிலோ வேலையைச் செய்துகொண்டே வியக்க வைக்கிறது. வியந்தவர் 'எவ்வாறு?' என வினவுகிறார். வினவியவர் கற்கத் தொடங்குகிறார். எனவே, பொருளொன்றைக் கண்டு நகைக்கும் மாணவரை அடக்காது, அதனைத் திறந்து பார்க்கத் தூண்டுதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடனாகும். வாங்கி எறியும் வேடிக்கைகளுக்கு இடையே, திறந்து பார்த்தால் அறிவு கிட்டும் பொருள்களைச் செய்வோர் நம் மாணவரிடையே தோன்றுவாராக!