ஆங்கிலத்தில் சிறுபொழுது: ‘மோமெண்ட்’ முதல் ‘ஜஸ்ட் நவ்’ வரை

ஆங்கிலத்தை ஏட்டில் கற்றுத் தேர்ந்தவரும் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோருடன் பணியாற்றத் தொடங்கியதும் தடுமாறும் இடங்களுள் ஒன்று, மிகச் சிறிய காலத்தைக் குறிக்க அவர்கள் கையாளும் தொடர்களாகும். ‘ஒன் செகண்ட்’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பும் அலுவலரை யாரும் பொய்யர் என்று கருதுவதில்லை. ஏனெனில் அத்தொடர் நேரத்தை அளப்பதற்காக அன்றி, காத்திருப்பவரை மறந்துவிடவில்லை என்று உணர்த்துவதற்காகவே சொல்லப்படுகிறது. ‘ஒரு நிமிஷம்’ என்று தமிழரும் இவ்வாறே சொல்வதால் இதுவரை பெரிய சிக்கல் எழுவதில்லை.

சிக்கல் எழுவது, ‘உடனே’ என்று பொருள்பட்ட சொற்கள் காலப்போக்கில் தளர்ந்துபோவதால்தான். ‘விரைவில்’ என்ற பொருளில் இன்று வழங்கும் ‘சூன்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உடனடியாக’ என்பதே பொருள். ‘அனான்’, ‘பிரசெண்ட்லி’ ஆகியவையும் அவ்வாறே தொடங்கி, பின்னர் ‘சற்று நேரத்தில்’ என்ற அளவுக்கு நெகிழ்ந்தன. உடனே செய்வதாகச் சொல்வோர் பெரும்பாலும் தாமதிப்பதால், கேட்போர் அச்சொல்லுக்குள் தாமதத்தையும் சேர்த்தே புரிந்துகொள்ளப் பழகுகின்றனர். பழைய சொல் இவ்வாறு தேய்ந்த இடத்தில், ‘ஜிஃபி’, ‘டிக்’, ஆட்டுக்குட்டி வாலை இருமுறை ஆட்டும் நேரம் என்பன போன்ற புதிய வழக்குகள் புகுகின்றன. ஆகவே சொல் குறிக்கும் அளவு எத்தனை சிறியதோ அத்தனை விரைவில் வேலை முடியும் என்று எண்ணுவது பிழையாகும்.

இச்சொற்களுள் சில ஒருகாலத்தில் உண்மையிலேயே அளவுகளாக இருந்தன என்பது வியப்புக்குரியது. இடைக்கால ஐரோப்பியக் காலக் கணிப்பில் ‘மோமெண்ட்’ என்பது ஒரு மணியின் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இன்றைய கணக்கில் 90 நொடி; கி.பி. 725இல் காலக் கணிப்பு பற்றி நூல் எழுதிய ஆங்கிலத் துறவி பீட் இந்த அளவைக் குறிப்பிடுகிறார். பிற்கால அறிஞர் அதனை 564 ‘அணு’க்களாகப் பகுத்தமையால் ஓர் அணு சுமார் 0.16 நொடியாயிற்று; விவிலியத்தின் கிரேக்க மூலத்தில் அணு என்ற சொல் கண்ணிமைக்கும் நேரத்தோடு இணைத்து வழங்கப்பட்டிருப்பதே இப்பெயரின் ஊற்று. தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமையாலும் கைநொடியாலும் அளப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

எதிர்த்திசையில், பேச்சுவழக்கை அளவாக்கிய அறிவியலாளரும் உள்ளனர். வெற்றிடத்தில் ஒளி ஒரு சென்டிமீட்டர் கடக்கும் நேரத்தை, அதாவது ஒரு நொடியின் ஒரு லட்சம் கோடியில் சுமார் 33 பங்கை, ‘ஜிஃபி’ என்று அழைக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் முன்மொழிந்தார். அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டத்தினரோ, மேற்சொன்ன ஆட்டுக்குட்டி வாலிலிருந்து எடுத்த ‘ஷேக்’ என்ற சொல்லை நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குச் சூட்டினர். லினக்ஸ் இயங்குதளத்தில் ஜிஃபி என்பது கடிகாரத் துடிப்புகளின் இடைவெளியாகும். அது அமைப்புக்கேற்ப 1 முதல் 10 மில்லிநொடி வரை வேறுபடும். ஒரே சொல் இத்தனை அளவுகளைத் தாங்குவதைக் காணும்போது, அலுவலகப் பேச்சில் அதற்குத் துல்லியம் தேடுவது வீண்முயற்சி என்பது விளங்கும்.

நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதுதான் நடைமுறையில் மிகுந்த இடர் தருவது. ‘மோமெண்டரிலி’ என்பது அமெரிக்க விமான அறிவிப்பில் ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்று பொருள்படும். அதுவே மரபான பிரித்தானியச் செவிக்கு ‘சற்று நேரம் மட்டும்’ என்று ஒலிப்பதால், விமானம் தரையைத் தொட்டதும் மீண்டும் பறந்துவிடுமோ என்ற நகைச்சுவைக்கு அது இடமளிக்கிறது. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்பது ‘பிறகு எப்போதாவது’ என்ற அளவுக்கு நீளக்கூடும்; அதைவிட விரைவானது ‘நவ் நவ்’. பிற இடத்து ஆங்கிலம் பேசுவோரும் இதில் ஏமாறுவதுண்டு.

இத்தகைய தொடர் காதில் விழுந்தால் அதன் நீளத்தை ஆராய்வதைவிட, ‘சுமார் எத்தனை மணிக்கு’ என்று கேட்டுவிடுவது பயன்தரும். ‘ரஃப்லி’ என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால் அக்கேள்வி அவசரப்படுத்துவதாகத் தோன்றாது. விடை சொல்வோரும் தயக்கமின்றி மணியைச் சொல்லிவிடுவர்.