சாம்பியன் ரீப்பிலிருந்து ஒரு கடல் கடிதம்

மாரிக்குப்பம்,
தங்கவயல்.

அன்புள்ள பேரனுக்கு,

நீ அனுப்பிய மூன்று விளம்பரங்களையும் நேற்று ராத்திரி நிதானமாகப் படித்தேன். ஒன்று ராமேஸ்வரம், ஒன்று முருடேஸ்வரத்துக்கு எதிரே உள்ள நேத்ராணித் தீவு, ஒன்று அந்தமான். மூன்றிலும் ‘ரீப் பிஷ்ஷிங்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, ஒரு ஆள் நெஞ்சுயர மீனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஜனவரியில் போகப் பணம் சேர்த்திருப்பதாகவும், எதற்குக் கட்டலாம் என்றும் கேட்டிருக்கிறாய். பெங்களூரு ரயிலில் நின்றபடி நீ பேசினால் பாதி உன் காதில் விழாது, பாதி என் காதில் விழாது. அதனால்தான் கடிதம்.

ரீப் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த குடும்பம் நம்முடையது. உன் கொள்ளுத்தாத்தாவும் நானும் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்கினவர்கள். கடலில் கப்பலை உடைக்கும் பாறைத்திட்டுக்கு மாலுமிகள் வைத்த பெயர் அது. ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் பாறைக்குள் ஓடும் தங்க வரிக்கும் அதையே சொல்லப்போய், அது நம் ஊர்வரை வந்து சேர்ந்தது. நம் ரீப்பைத் தேடி பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். 120 வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்தார்கள். 2001இல் மூடினார்கள். மிச்சம் இருப்பது தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடு. அந்த மேட்டைப் பார்த்தபடிதான் இதை எழுதுகிறேன்.

சுரங்கம் மூடியபின் உன் அத்தை வீட்டில், தூத்துக்குடியில், ஆறு வருஷம் இருந்தேன். அத்தையின் மாமனார் தூண்டில் தொழில்காரர். அங்கே பவளப்பாறைக்கும் கடலடிக் கல்திட்டுக்கும் ‘பார்’ என்று பெயர். முத்துக் குளித்த காலத்துப் பார்களுக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. தொள்ளாயிரம் பார் என்று ஒன்றை அவர் கைநீட்டிக் காட்டுவார், எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். அவரோடு உட்கார்ந்து கற்றதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

முதலில் ராமேஸ்வரம் விளம்பரம். அதைக் கிழித்துப் போடு. பாம்பனிலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் 1986இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். 560 சதுர கிலோமீட்டர். நம் பக்கத்துப் பவளம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. அங்கே தூண்டில் போடக் கூடாது. விளம்பரத்தில் ‘தீவுக்குப் பக்கத்தில் ரகசிய இடம்’ என்று எழுதியிருக்கிறான். ரகசியம் என்றாலே சட்டத்துக்குப் பயந்து ஒளிகிற இடம் என்று வைத்துக்கொள். இன்னொன்று, அந்தப் படத்தில் இருப்பது மீன்பிடிப் படகு. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகாகாது. ஒருமுறை அப்படி ஒன்றில் நானும் போனேன். நடுக்கடலில் இன்ஜின் நின்றது. ஒன்பது பேருக்கு இரண்டே மிதவை உடுப்பு. வேறொரு படகு பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வரும்வரை நாலு மணி நேரம் ஆனது. கூட வந்த ஒரு சிறு பையன் கடைசிவரை என் கையை விடவில்லை.

மன்னார்க் கடலில் இன்னொரு கதையும் உண்டு. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாக ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுக்கப் பவளம் இல்லாமல் போய், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2001இல்தான் கல்பவளத்தைக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். நம் ரீப்பை மூடின அதே வருஷம். சம்பந்தி இதைச் சொன்னபோது நான் வெகுநேரம் பேசவில்லை. அந்தப் பக்கம் போக ஆசையாக இருந்தால் தூண்டில் இல்லாமல் போ. பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. பார்த்துவிட்டு வா.

நேத்ராணி நம் மாநிலத்துக் கடல், கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். அங்கே போகிறவர்கள் முகமூடி கட்டி மூழ்கி மீனைப் பார்க்கப் போகிறார்கள். நீயும் அதற்கே போகலாம், தூண்டிலுக்கு வேண்டாம்.

மிச்சம் அந்தமான். அங்கேதான் விளையாட்டுத் தூண்டிலுக்கென்றே பழகிய படகுகள் இருக்கின்றன. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை கடல் கொஞ்சம் படிந்திருக்கும், அதனால் நீங்கள் யோசித்த ஜனவரி சரியான காலம். ஆனால் அங்கேயும் எல்லைகள் உண்டு. வண்டூரில் 1983இல் அறிவித்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. வட சென்டினல் தீவுப் பக்கம் நெருங்கவே கூடாது. அங்கே வாழும் மக்களுக்கு நம் இருமல்கூட ஆபத்து. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும், ஹேவ்லாக்குக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் ஒரு பெயரும் படகுக்காரர் வாயில் இன்னொரு பெயரும் வந்தால் குழம்பாதே.

இப்போது படகைத் தேர்ந்தெடுப்பது. எல்லோரும் ‘என்ன மீன் கிடைக்கும்’ என்று கேட்பார்கள். நீ ‘எதைச் செய்ய மாட்டீர்கள்’ என்று கேள். காற்று கிளம்பினால் போக மாட்டேன், முன்பணத்தைத் திருப்பித் தருவேன் என்கிறாரா? பவளத்தின்மேல் நங்கூரம் போட மாட்டேன் என்கிறாரா? கிளைப்பவளம் ரொம்ப வேகமாக வளர்ந்தாலே வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர்; உருண்டைப் பவளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஒரு நங்கூரம் இழுபட்டால் உன் வயசுக்கு வளர்ந்தது அரை நிமிஷத்தில் உடையும். நல்ல படகுக்காரர் மணலில் நங்கூரம் போடுவார், இல்லையென்றால் படகை நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, மிதக்கவிட்டு, பாரின்மேல் கடந்து, மறுபடி சுற்றி வருவார். இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் வந்தால் மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை: வாடகை படகுக்கா தலைக்கா, டீசலும் தூண்டிலும் சாப்பாடும் அதில் அடங்குமா, அரைநாளா முழுநாளா, பிடித்த மீன் யாருக்கு. நாலு பேருக்குமேல் ஆள் சேர்க்க மாட்டேன் என்று எழுதி வாங்கு. கூட்டம் கூடினால் தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்கும். பாதிப்பொழுது சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

உரிமம், தலைக்கொரு மிதவை உடுப்பு, வயர்லெஸ், இரண்டாவது இன்ஜின், முதலுதவிப் பெட்டி, இவற்றைப் புகைப்படத்தில் கேட்காதே. ஏறுவதற்குமுன் கண்ணால் பார். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டிச் சொல்கிறது. முந்தின நாள் அதை நீயே பார்த்துவிட்டு படகுக்காரரிடம் பேச்சுக் கொடு. அவரும் பார்த்திருந்தால் நல்ல கையில் இருக்கிறாய்.

தூண்டில் விஷயத்துக்கு வருகிறேன். அந்தமானில் இரண்டு விதம் சொல்வார்கள். ஒன்று, கனமான உலோகப் பொய்மீனை ஆழத்துக்கு இறக்கி, வெடுக் வெடுக்கென்று மேலே இழுப்பது. இன்னொன்று, மிதக்கும் பொய்மீனைத் தூர வீசி, தண்ணீர் தெறிக்கும்படி மேற்பரப்பிலேயே இழுத்து வருவது. நீ இரண்டாவதைக் கேள். ஏன் என்றால், சுரங்கத்தில் ஆளை இறக்கும் கேஜ் விர்ரென்று இறங்கும்போது காது அடைக்கும், ஏறும்போது டப்பென்று திறக்கும். வெறும் காற்றின் அழுத்த மாற்றத்துக்கே அந்தப் பாடு. தண்ணீரில் அது பல மடங்கு. 30 மீட்டர் ஆழத்தில் மேலே இருப்பதைப்போல நாலு மடங்கு அழுத்தம். அங்கிருந்து கலவாய் மீனைச் சரசரவென்று இழுத்தால் அதன் காற்றுப்பை நாலு மடங்கு வீங்கி, இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அதைக் கடலில் விட்டாலும் இறங்க முடியாமல் மிதந்தே சாகும். ‘பிடித்ததை விட்டுவிடுகிறோம்’ என்று விளம்பரத்தில் இருப்பதைப் படித்து நம்பிவிடாதே. ஆழத்து மீனை எப்படி விடுவீர்கள் என்று கேள். உதட்டில் ஒரு கவ்வியை மாட்டி, ஈயக்கட்டியோடு பழைய ஆழத்துக்கே இறக்கி விடும் முறை உண்டு. அது தெரிந்தவர் தொழில் தெரிந்தவர். மேற்பரப்பில் பாய்ந்து கடிக்கிற பாறை மீனுக்கு இந்தத் துன்பம் இல்லை. அந்த இனத்தில் பெரியது 50 கிலோவையும் தாண்டும். அது தூண்டிலை எடுத்துக்கொண்டு ஓடும்போது ரீலின் சத்தத்தில் உன் பெயரே உனக்கு மறந்துபோகும் என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

தின்பதற்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. நடுத்தர அளவில் ஒரு விளமீன், ஒரு சங்கரா போதும். பெரிய கலவாயை விட்டுவிடு. கலவாய் பெண்ணாகப் பிறந்து வளர்ந்தபின் ஆணாக மாறுகிற மீன். பெரியவற்றை எல்லாம் எடுத்தால் அந்தப் பாரில் ஆணே இருக்காது. பெரிய கொன்றுண்ணி மீன்களின் உடம்பில் சில பார்களில் ஒரு நஞ்சும் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது. கிளிமீன் வந்தால் உடனே தண்ணீரில் விடு. பவளத்தின்மேல் பாசி மூடாமல் மேய்ந்து காப்பது அதுதான். 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த ஒவ்வொரு முறையும், பிழைத்தது திரும்பத் தழைக்க அந்த மேய்ச்சல் தேவைப்பட்டது. மீன் பெயரில் ஒரு எச்சரிக்கை: சென்னையில் சீலா என்றால் ஊளி, தூத்துக்குடியில் சீலா என்றால் வஞ்சிரம். அந்தமானில் எல்லா ஊர்த் தமிழரும் இருக்கிறார்கள். சமைக்கக் கொடுக்கும்போது பெயரைச் சொல்லாமல் மீனைக் காட்டு.

உடம்பு விஷயம். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கு. வெறும் வயிற்றோடு ஏறாதே, எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்குமுன்பே போடு. குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. படகின் பின்பாதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார். செல்போனைக் குனிந்து பார்த்தால் பத்து நிமிஷத்தில் படுத்துவிடுவாய். முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, தண்ணீர்.

அரைமணி நேரம் கைத்தூண்டிலும் கேட்டு வாங்கிப் போடு, அதாவது ரீல் இல்லாமல் விரலிலேயே பிடிக்கிற தங்கூசி. சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் தலைக்குமேல் இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்போம். கணீரென்றால் கெட்டி, தொப்பென்றால் பொள்ளல், விலகிவிட வேண்டும். ஈயக்கட்டி தரையைத் தொடும்போதும் அப்படித்தான். மணல் என்றால் மெத்தென்று உட்காரும். பார் என்றால் டக், டக்கென்று விரலுக்குச் செய்தி வரும். 20 மீட்டர் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊர் உன் ஆள்காட்டி விரலில் பேசும். அமாவாசை, பௌர்ணமிக்கு நீவாடு கடுமையாக இருக்கும், கட்டி தரையில் நிற்காது. எட்டாம் பிறையை ஒட்டி நாள் குறித்தால் அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்கும். என் ஆறு வருஷக் கடலில் பிடித்த மீன்கள் எனக்கு நினைவில்லை, அந்த டக் டக் இன்னும் விரலில் இருக்கிறது.

கடைசியாக, முள். வட்டமாக உள்வளைந்த முள்ளைக் கேட்டு வாங்கு. மீன் அதை விழுங்கினாலும் பெரும்பாலும் திரும்பி வந்து வாயோரத்தில் மாட்டும், கழற்றுவது சுலபம். எதிர்முள்ளை பிளையரால் நசுக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் இந்த முள்ளுக்கு ஒரு குணம்: கடித்ததும் வெட்டி இழுத்தால் மீன் போய்விடும். பொறுத்து, நரம்பு தானாக இறுகும்வரை காத்திருந்து, பிறகு சீராகச் சுற்ற வேண்டும். உன் கை சின்ன வயசிலிருந்து வெட்டி இழுத்தே பழகின கை. அதை மாற்ற ஒரு நாள் போதாது.

அதனால் இந்த ஞாயிறு ரயிலைப் பிடித்து ஊருக்கு வா. பேத்தமங்கலம் ஏரிக் குத்தகைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வட்ட முள் வாங்கி எதிர்முள்ளை நசுக்கி வைத்துவிட்டேன், மண்புழுவை சனிக்கிழமை சாயங்காலம் தோண்டிக்கொள்கிறேன். கெண்டை கடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகலாம்.

அன்புடன்,
தாத்தா