நாலு மணிக்கு முடியாத வேலை

வள்ளூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. திங்கட்கிழமை காலை. டீச்சர் ஈரத் துணியால் மேசையைத் துடைக்கிறார். துணி சாம்பல் நிறமாகிறது. 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கும் ஊர் இது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மேசையோரம் வந்து நிற்கிறான். "மிஸ், நைட்டு அப்பா அம்மாவ அடிச்சாரு. நான் தூங்கவே இல்ல." அவன் தலையைத் தொட்டு, "சாப்டியா?" என்கிறார். "உப்புமா மிஸ்." "சரி, முன்னாடி வந்து உக்காரு." கரும்பலகைப் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பிக்கிறார்.

அந்த அரை நிமிடத்தில் அவர் செய்ததும் வேலைதான். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. ஏறாத வேலையைப் பற்றித்தான் நம்மிடம் இத்தனை தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை 1: "வாத்தியார் வேலை சொகுசு. நாலு மணிக்கு வீடு, மே மாசம் லீவு."

உண்மை: 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பாடத் தயாரிப்பையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்வி சாராத பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாகப் படிவம் கொண்டுபோனவர்களில் ஆசிரியர்களும் உண்டு. இதற்கு நடுவே, பள்ளித் தகவல்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகள். ராத்திரி பத்து மணிக்கு, 'அந்தப் பையன் இன்னைக்காவது தூங்குவானா' என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நம்பிக்கை 2: "சிரித்துப் பேசுவது குணம். அதைப் போய் உழைப்பு என்பதா?"

உண்மை: உழைப்புதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில் இதற்கு உணர்வுழைப்பு என்று பெயர் வைத்தார். மனசுக்குள் ஒன்று இருக்க, வேலைக்காக முகத்தில் வேறொன்றைக் கொண்டுவருவது அது. ஒட்டாத சிரிப்பை நாள் முழுக்கச் சுமப்பவர்களே அதிகம் களைத்துப்போகிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

வள்ளூரை அடுத்த எண்ணூர் வட்டாரத்தில் இந்த உழைப்பு இன்னும் கனம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரம் வரை பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குடும்பங்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தன. "மறுபடி கேஸ் வருமா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "பயப்படாதே" என்று சொல்ல வேண்டியவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

நம்பிக்கை 3: "உண்மையான ஈடுபாடு இருந்தால் சோர்வே வராது."

உண்மை: நேர் மாறு. பணிச்சோர்வைப் பற்றி 1974இல் எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், அதைக் கண்டது நியூயார்க்கின் இலவச மருத்துவமனையில், மனமுவந்து உழைத்தவர்களிடம். இன்னொரு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வற்றிப்போதல், மனிதரிடமிருந்து விலகிப்போதல், 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். இரண்டாவதைத்தான் நாம் தவறாகப் படிக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட டீச்சர், "ஏய், மூணாவது பெஞ்சு" என்று கூப்பிட ஆரம்பித்தால், "மாறிட்டாங்க" என்கிறோம். அவர் மாறவில்லை. மனசு வற்றிப்போயிருக்கிறது.

நம்பிக்கை 4: "தியானம் பண்ணினால் சரியாகிவிடும்."

உண்மை: தியானம் நல்லதுதான். ஆனால், உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்றது. காரணம் வேலையில் இருக்கும்போது மருந்தை டீச்சரின் மூச்சுப் பயிற்சியில் மட்டும் தேடினால், பழியும் அவர் தலையில்தான் விழும்.

என்ன செய்யலாம்? பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டங்களில் பாடமுறைகளைப் பேசுகிறார்கள். அதில் அரை மணி நேரம், பிள்ளைகளிடம் கேட்டதையும் மனசில் சுமந்து வந்ததையும் சக ஆசிரியர்களிடம் இறக்கிவைக்க ஒதுக்கலாம். அந்தப் பையனின் வீட்டுப் பிரச்சினையைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை; உதவி எண்கள் உண்டு: குழந்தைகளுக்கு 1098, அவன் அம்மாவுக்கு 181, டீச்சரின் மனசுக்கு 14416. பள்ளிக்கென்று ஓர் ஆலோசகர் கேட்பதும் நியாயமான கோரிக்கை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி வீட்டில் நடந்ததைக் காலையில் யாரோ ஒருவர் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். அடுத்த முறை மதிப்பெண் கேட்கப் பள்ளிக்குப் போகும்போது, முதலில் இதைக் கேளுங்கள்: "நீங்க எப்படி இருக்கீங்க மிஸ்?" பதில் வரும்வரை நின்று கேளுங்கள்.