சென்னைக்குச் செல்வோம்

நுழையும்முன்

கார்டன் ரீச்சில் வாழும் நம் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் தமிழ்நாட்டிற்குச் செல்கின்றன. பலருக்கும் சென்னையே நுழைவாயில். அந்நகரில் எவற்றைக் காணலாம், எவ்வாறு செல்லலாம் என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பயணம்

மாணவர்களே! ஷாலிமாரில் பிற்பகலில் புறப்படும் கோரமண்டல் விரைவுவண்டி, மறுநாள் மாலை சென்னை சென்ட்ரலை அடைகிறது. வழியில் சன்னலோரம் அமர்ந்து நிலையங்களின் பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். கரக்பூரில் வங்க எழுத்தும், ஒடிசாவில் ஒடிய எழுத்தும், ஆந்திரத்தில் தெலுங்கு எழுத்தும் காணப்படும். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய பேராறுகளைக் கடந்தபின், தமிழ்நாட்டின் எல்லையில் ஆரம்பாக்கம் என்னும் சிறு நிலையம் வரும். விரைவுவண்டி அங்கு நிற்பதில்லை. ஆயினும் ஓடும் வண்டியிலிருந்து அப்பலகையின் தமிழ்ப் பெயரைப் படிக்க முயலுங்கள்.

ஒரு நிகழ்ச்சி

நம் வகுப்பில் முன்பு பயின்ற மாணவன் ஒருவன், மயிலாப்பூரில் தன் பாட்டி வீட்டிற்குச் சென்றிருந்தான். திருவல்லிக்கேணியில் உள்ள பாரதியார் நினைவு இல்லத்தைக் காண இருவரும் புறப்பட்டனர். பாட்டிக்குக் கண்புரை, பேருந்தின் பலகையைப் படிக்க இயலாது. "நீதான் தமிழ் படிக்கிறாயே, வண்டியைப் பார்த்துச் சொல், கண்ணா" என்றார்.

பேருந்து ஒன்று வந்தது. 'திரு' என்னும் முதல் இரண்டு எழுத்துகளைக் கண்டவுடன், "இதுதான் பாட்டி" என்றான் அவன். இருவரும் ஏறினர். வண்டி அடையாற்றுப் பாலத்தைக் கடந்தபோது பாட்டி ஐயுற்று நடத்துநரைக் கேட்டார். அது திருவான்மியூர் செல்லும் வண்டி! வடக்கே செல்ல வேண்டியவர்கள் தெற்கே வந்துவிட்டனர்.

பாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "இனி வரும் வண்டியின் பலகையை முழுவதும் படி. நான் காத்திருக்கிறேன்" என்று மட்டும் கூறினார். அவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒரு வண்டி சென்றுவிட்டது. பாட்டி பொறுமையாக நின்றார். அடுத்த வண்டியில் ஏறித் திருவல்லிக்கேணியை அடைந்தபோது, நினைவு இல்லத்தின் கதவு சாத்தப்பட்டிருந்தது.

விடுமுறை முடிந்து திரும்பியவன், "நீளமான ஊர்ப்பெயர்களை எழுதித் தாருங்கள், ஐயா" என்று என்னிடம் கேட்டான். இப்பாடம் அவன் கேட்டதன் பயனே ஆகும்.

காண வேண்டிய இடங்கள்

மெரினா கடற்கரை: இங்குள்ள உழைப்பாளர் சிலையில் நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். இதனை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்னும் வங்கச் சிற்பி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் நாள்தோறும் காணும் உங்களுக்கு இச்சிலை புதிதாகத் தோன்றாது.

விவேகானந்தர் இல்லம்: கடற்கரைச் சாலையில் உள்ளது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதால் 'ஐஸ் ஹவுஸ்' எனப் பெயர் பெற்றது. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர், 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் இங்குத் தங்கினார்.

பாரதியார் நினைவு இல்லம்: பாரதியார் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த வீடு. அவர் விவேகானந்தரின் சீடரான நிவேதிதையைக் குருவாக ஏற்றுத் தம் நூல்களை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

எழும்பூர் அருங்காட்சியகம்: 1851இல் தொடங்கப்பட்டது. இங்குள்ள திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனியைத் தவறாமல் காணுங்கள். அதே வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகமும் உள்ளது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களுள் அது ஒன்று. நமக்கு அருகில் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகம் மற்றொன்று.

நினைவிற்கொள்க

1. மே மாதத்தில் வெயில் கடுமையாக இருக்கும். காலையிலும் மாலையிலும் வெளியிடங்களுக்குச் செல்க. நண்பகலில் அருங்காட்சியகம், நூலகம் ஆகியவற்றைக் காண்க.
2. எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.
3. மெரினாவில் நீரோட்டம் வலிமையானது. கரையில் நிற்கலாம், கடலில் இறங்கிக் குளித்தல் கூடாது.
4. குடிநீர்ப் புட்டியும் குடையும் உடன் இருக்கட்டும்.
5. ஐயம் ஏற்பட்டால் நடத்துநரிடம், "திருவல்லிக்கேணி போகுமா, ஐயா?" எனக் கேட்டபின் ஏறுக. கேட்பதில் இழிவில்லை.

மொழியை அறிவோம்

திருவல்லிக்கேணி, திருவான்மியூர் ஆகிய பெயர்களின் மூன்றாம் எழுத்தை நோக்குங்கள். முன்னதில் 'வ' குறில். பின்னதில் 'வா' நெடில். ஒரு துணைக்கால் வடக்கையும் தெற்கையும் பிரித்துவிடுகிறது.

ஊர்ப்பெயரின் ஈறும் பொருள் தரும். 'பாக்கம்' என்பது கடற்கரை சார்ந்த ஊரைக் குறிக்கும் (சேப்பாக்கம், நுங்கம்பாக்கம்). 'பேட்டை' என்பது சந்தை கூடும் புறநகரைக் குறிக்கும் (சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை).

சொற்பொருள்

ஐயுற்று – சந்தேகப்பட்டு
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்
ஈறு – சொல்லின் இறுதி
செப்புத் திருமேனி – உலோகத்தாலான தெய்வ உருவம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. உழைப்பாளர் சிலையை வடித்தவர் ____________.
2. எழும்பூர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்ட ஆண்டு ____________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மாணவன் தவறான பேருந்தில் ஏறியது ஏன்?
2. பாட்டி அடுத்த வண்டியின் பெயரைப் பிறரிடம் கேட்காமல் காத்திருந்தது ஏன் எனக் கருதுகிறாய்?

இ. உரக்கப் படித்து எழுத்துகளை எண்ணுக.
திருவொற்றியூர், சிந்தாதிரிப்பேட்டை, கோடம்பாக்கம், வண்ணாரப்பேட்டை

ஈ. செயல்திட்டம்
ஊரிலுள்ள பாட்டி அல்லது தாத்தாவிடம் தொலைபேசியில் பேசுக. அவர்கள் வீட்டிற்குச் செல்லும் வழியைக் கேட்டு, ஊர்ப்பெயர்களை ஒன்றும் விடாமல் தமிழில் எழுதி வருக. விடுமுறையில் அத்தாளை உடன் கொண்டு செல்க.