பிரண்டையும் எலும்புப்புரையும்: கணக்குப் போட்டுப் பார்த்தேன்

நெமிலிப் பக்கம் பிரண்டை ஏறாத கள்ளிவேலியைப் பார்ப்பது அபூர்வம். தண்ணீர் கேட்காது, பூச்சி வராது, இரண்டு கணு ஒடித்து நட்டால் போதும். நம்ம சந்தைகளில் இப்போது பிரண்டைப் பொடி டப்பா நிறைய வருகிறது. "எலும்புத் தேய்மானம் தீரும்" என்று மேலே எழுதியிருக்கும். நானும் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி கிணற்றடியில் வழுக்கி, இடது மணிக்கட்டு உடைந்தது. டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் டி ஸ்கோர் மைனஸ் 2.8. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு இது. டாக்டர் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ரசாயனம் எதுக்கு, வேலியிலேயே பிரண்டை இருக்கு" என்று நான்தான் நாலு மாசத்தில் நிறுத்த வைத்தேன். துவையல், பொடி, வடகம் என்று இரண்டு வருஷம் ஓடியது. போன ஆடியில் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாள், முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டது. "நீங்கதானே பிரண்டை போதும்னீங்க" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முட்டி தேய்வது வேறு, எலும்பு உள்ளுக்குள் இளைப்பது வேறு. நாம் இரண்டையும் 'தேய்மானம்' என்கிறோம். எலும்பில் பழையதை அரித்தெடுக்கும் செல்களும் உண்டு, புதிதாகக் கட்டும் செல்களும் உண்டு. முப்பது வயது வாக்கில் இருப்பு உச்சத்துக்கு வரும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எடுப்பு அதிகம், போடுவது குறைவு. எங்கள் பாங்கில் இப்படிப்பட்ட கணக்கு எத்தனை பார்த்திருக்கிறேன்!

பிரண்டையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் 1960களிலேயே எலிகளுக்கு எலும்பை உடைத்து, பிரண்டை கொடுத்து, முறிவு சீக்கிரம் கூடுவதைக் கண்டார்கள். 2003இல் மணிப்பாலில், சினைப்பை நீக்கிய பெண் எலிகளுக்குப் பிரண்டையின் எத்தனால் சாரம் கொடுத்தார்கள். சினைப்பை எடுத்தால் மாதவிடாய் நின்றது போல எலும்பு இளைக்கும். சாரம் தின்ற எலிகளுக்கு அந்த இளைப்பு குறைந்தது. நம் முன்னோர் வஜ்ஜிரவல்லி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இப்போது அளவைப் பாருங்கள். மணிப்பாலில் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 500, 750 மில்லிகிராம். எலி அளவை மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய ஆறால் வகுப்பது வழக்கம். குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் 60 கிலோ பெண்ணுக்கு நாளுக்கு 5 கிராம் சாரம் வரும். 100 கிராம் காய்ந்த தண்டில் 10 கிராம் சாரம் இறங்கும் என்று வைத்தால் 50 கிராம் காய்ந்தது வேண்டும். தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்றால் பச்சையாக அரை கிலோ. தினமும்! நான் என் மனைவிக்குக் கொடுத்தது இரண்டு ஸ்பூன் துவையல். தோராயக் கணக்குதான், ஆனாலும் இடைவெளி தெரிகிறதல்லவா?

அதற்காக அரை கிலோ அரைத்துக் குடித்துவிடாதீர்கள். பிரண்டை நாக்கை அரிப்பதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால்தான். அதனால்தான் நல்லெண்ணெயில் வதக்கி, புளி சேர்க்கிறோம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தள்ளியே இருக்கணும். "பிரண்டையில் சுண்ணாம்புச் சத்து ஏராளம்" என்பார்கள். இருக்கிறது, ஆனால் ஆக்சலேட்டில் கட்டுண்ட சுண்ணாம்பு உடம்பில் சரியாகச் சேராது. சுண்ணாம்புக்கு கேழ்வரகும் மோரும் இருக்கவே இருக்கு. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை. மாத்திரைக்குப் பதில் பிரண்டை என்று சொல்லும் அளவுக்கு அவை போதாது.

விற்பனைக்குப் பயிரிடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். உணவுப்பொருள் லேபிளில் நோய் தீரும் என்று எழுத உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. "பிரண்டைப் பொடி" என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாவது, நாம் இருப்பது ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் தோல் பட்டறைகள் சூழ்ந்த பூமி. கழிவுநீர் ஓடும் கால்வாய்க் கரையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் படர்ந்த பிரண்டையைப் பறிக்கவே கூடாது. ரசாயனம் போடவில்லை என்பதால் மட்டும் மண் சுத்தமாகிவிடாது. மூலிகைக்கு ஆயுஷ் வைத்திருக்கும் வரம்பு காரீயம் 10 பி.பி.எம்., காட்மியம் 0.3 பி.பி.எம். காரீயம் உடம்பில் நுழைந்தால் எலும்பிலேயே போய் உட்காரும் என்பதை மறக்கவேண்டாம். ஆய்வகத்தில் கன உலோகச் சோதனை என்று கேட்டே வாங்குங்கள், வழக்கமான மண் பரிசோதனையில் அது வராது.

எங்கள் வீட்டில் மாத்திரை திரும்ப ஆரம்பித்தாயிற்று. ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. அந்த அரை மணி நேரத்தில் அவள் திண்ணையில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, மதியத் துவையலுக்குப் பிரண்டைக் கணு ஆய்கிறாள். குடம் தூக்குவது இப்போது என் வேலை.