பால் கொழுப்பும் தீவனமும்: மூலக்கூறு நிலையில் ஒரு விளக்கம்

இந்தியாவில் கூட்டுறவுப் பால் சங்கங்கள் பல, பாலின் அளவோடு அதிலுள்ள கொழுப்பையும், கொழுப்பல்லாத திடப் பொருள்களையும் கணக்கிட்டே விலை வழங்குகின்றன. ஆகவே கொழுப்பு அரை சதவிகிதம் குறைந்தாலும், ஓரிரு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்தின் வருவாய் பாதிக்கப்படும். எருமைப் பாலில் ஏறத்தாழ 7 சதவிகிதமும் பசும்பாலில் ஏறத்தாழ 4 சதவிகிதமும் கொழுப்பு இருப்பது இனத்தின் இயல்பு. ஆனால் ஒரே மாட்டின் பாலில் சில நாட்களுக்குள் கொழுப்பு சரிவதற்குத் தீவன மாற்றம் முக்கியக் காரணமாகலாம்.

கொழுப்பு உருவாகும் விதம்

அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், வைக்கோலிலும் புல்லிலும் உள்ள நார்ப்பொருளைச் சிதைத்து அசிட்டிக் அமிலத்தையும் பியூட்டிரிக் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. இவை இரத்தத்தின் வழியே பால்மடியை அடைகின்றன. அங்குள்ள உயிரணுக்கள் அசிட்டிக் அமிலத்தை முதன்மையான மூலப் பொருளாகக் கொண்டு புதிய கொழுப்பு அமிலங்களைக் கட்டுகின்றன. பால் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு மடியிலேயே உருவாவது. மீதி இரத்தத்திலிருந்து நேரே பெறப்படுவது.

இப்பணிக்குரிய நொதிகளின் உற்பத்தியை எஸ்.ஆர்.இ.பி.பி.-1 என்னும் புரதம் நெறிப்படுத்துகிறது. உயிரணுவின் உட்சவ்வில் பிணைந்திருக்கும் இப்புரதம் வெட்டப்பட்டதும், அதன் ஒரு பகுதி உட்கருவினுள் சென்று, கொழுப்பு தயாரிக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்களை இயங்கச் செய்கிறது.

கொழுப்பு குறைவது ஏன்?

நார்த் தீவனம் குறைந்து தானியம் மிகும்போது இரைப்பையில் அமிலத்தன்மை கூடுகிறது. எண்ணெய்ச் சத்தும் அதிகமானால் நிலைமை மேலும் மாறும். அசிட்டிக் அமிலம் குறைவதே பால் கொழுப்புச் சரிவுக்குக் காரணம் என்று முன்பு கருதப்பட்டது. ஆனால் அக்குறைவு மட்டுமே சரிவை முழுமையாக விளக்கவில்லை. மாறிய சூழலில் நுண்ணுயிர்கள் லினோலிக் அமிலத்தை வழக்கமான பாதையிலிருந்து விலகி மாற்றுகின்றன. அப்போது 'டிரான்ஸ்-10, சிஸ்-12' என்னும் இணைந்த லினோலிக் அமிலம் உருவாகிறது. நாளொன்றுக்கு 10 கிராம் அளவில் இதனை இரைப்பையின் இறுதி அறையில் செலுத்திய ஆய்வில், பசுக்களின் பால் கொழுப்பு 40 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. மேற்கூறிய எஸ்.ஆர்.இ.பி.பி.-1 புரதத்தின் செயல் தளர்வதே இதற்குரிய முக்கிய வழி எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின.

நடைமுறைப் பயன்

இவ்வகைச் சரிவில் கொழுப்பு குறைந்தாலும் கொழுப்பல்லாத திடப் பொருள்கள் பெரிதும் மாறுவதில்லை. நீர் கலந்தாலோ இரண்டுமே குறையும். கொழுப்பு மட்டும் குறைந்துள்ள பாலைக் கண்டவுடன் கலப்படம் என முடிவு செய்வது உற்பத்தியாளருக்கு அநீதியாக முடியலாம். கொழுப்பை எடுத்துவிட்ட பாலும் இவ்வாறே தோன்றும். கடைசியாகக் கறக்கும் பாலில் கொழுப்பு மிகுதியாதலால் அரைகுறையாகக் கறந்த பாலும் அப்படியே. எனவே அலுவலர் முன்னிலையில் முழுமையாகக் கறந்த பாலைச் சோதிப்பதும், அண்மைத் தீவன மாற்றத்தை விசாரிப்பதும் முறையாகும்.

தானியத்தைப் படிப்படியாகக் கூட்டுதல், மெல்லத்தக்க நீளமுள்ள நார்த் தீவனத்தைப் போதிய அளவு அளித்தல், எண்ணெய்ச் சத்து மிக்க பொருள்களை அளவோடு சேர்த்தல் ஆகியவை சரிவைத் தடுக்க உதவும். தீவனம் சீரானால், ஓரிரு வாரங்களில் கொழுப்பின் அளவு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.