அணித்தலைவர்

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முன்னாள் தேரோட்டம் நிகழும். வடம் பிடிப்போர் பலர். அவர்தம் முழக்கம் வீதியெங்கும் ஒலிக்கும். சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நடந்து வரும் சிலரையோ எவரும் உற்று நோக்குவதில்லை. அவர்தம் கண் சக்கரத்தின் மீதே இருக்கும். தேர் ஒருபுறம் சாய்ந்து செல்லுங்கால் கட்டையிட்டுத் திருப்புவர், விரையுங்கால் தடுப்பர். வடம் பிடிப்போர் வலிமை எத்துணைப் பெரிதாயினும், இவர் இல்லையேல் தேர் நிலைக்கு வந்து சேராது. விளையாட்டு அணியின் தலைவருக்குரிய பணியும் இத்தகையதே.

அணியில் மிக வல்லவர் எவரோ அவரே தலைவராதல் வேண்டும் என்று பலர் எண்ணுவர். திறமை தலைவருக்கு இன்றியமையாததே. ஆயின், தன் ஆட்டத்தை மட்டும் காண்பவர் சிறந்த ஆட்டக்காரர் ஆகலாம். சிறந்த தலைவர் ஆகார். தம்மோடு ஆடுவோர் அனைவரின் ஆட்டத்தையும் கண்டு, அதனை உயர்த்துபவரே தலைவர்.

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டியில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கியவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரீலில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கிய துயரை உடனிருந்து கண்டவர் அவர். மாஸ்கோவில் அவருடன் ஆடியோருள் பெரும்பாலோர் ஒலிம்பிக் களத்துக்குப் புதியவர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக மூன்று கோல்கள் முந்தியிருந்த இந்தியா, அடுத்தடுத்து இரண்டு கோல்களை இழந்தது. புதியவர் கலங்குதற்குரிய வேளை அது. ஆயினும் அணி சிதறவில்லை; 4-3 என்ற கணக்கில் வென்று பொற்பதக்கம் பெற்றது. அன்று கோல் அடித்தோர் பட்டியலில் தலைவரின் பெயர் இல்லை. அதனால் அவர் புகழ் குறைந்ததும் இல்லை.

பிறர் ஆட்டத்தை உயர்த்த விரும்புவோர் முதற்கண் அவர்தம் உள்ளத்தை அறிதல் வேண்டும். இவ்வுண்மையைக் கடலூரின் கால்பந்துக் களங்கள் நன்கு உணர்த்தும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கடலூர்க் கடற்கரையில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. பெற்றோரை இழந்த சிறுவர் சிறுமியர் அரசுக் காப்பகத்தில் வளர்ந்தனர். அங்கு வளர்ந்த சிறுமியருள் சிலர் கால்பந்து பயின்று, பின்னாளில் இந்திய அணியிலும் ஆடினர். இத்தகையோர் கூடும் அணியில், உரத்த சொல் ஒருத்திக்கு ஊக்கம் தரும். அதே சொல் மற்றொருத்தியை ஒடுங்கச் செய்யும். எவருக்கு எச்சொல் ஏற்றது என்று அறிவதே தலைமையின் நுட்பம்.

அப் பண்பு தலைவருக்குரிய கைப்பட்டையை அணிந்தவரிடத்து மட்டும் அமைவதன்று. 2018ஆம் ஆண்டு கட்டாக்கில் நிகழ்ந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் பெற்றது. அவ்வணியில் நடுக்களத்தில் ஆடியவர் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன். பின்னிருந்து வரும் பந்தை ஏற்று முன்னிருப்போர்க்கு அளிப்பதே நடுக்களத்தாரின் கடமை. காவல்துறை உதவி ஆய்வாளரான அவர், 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் சென்னையில் மக்களைக் காக்கும் பணியிலும் நின்றார். களத்தில் கற்ற பொறுப்பு களத்துக்கு வெளியேயும் பயன்பட்டது.

வெற்றிக்காலத்தில் தலைவர் யார் என்பது எளிதில் விளங்காது. அனைவரும் மகிழ்ந்து ஆடுவர். தோல்வி நேருங்கால், பந்தைத் தவறவிட்டவன் தலைகுனிந்து நிற்பான். அவன்மேல் பழி சுமத்துபவர் பலர் இருப்பர். அப்பொழுது அவனருகே சென்று நிற்பவர் எவரோ, அவரையே அணி தன் தலைவராகக் கொள்ளும்.